நடுவில் இருந்த முகம்

செவ்வாய்க்கிழமை.

கல்லூரி அறிவியல் விழாவில் இன்று என் உரை. கேலக்ஸிக் கூட்டங்களின் நடுவே உட்கார்ந்திருக்கும் ராட்சத நீள்வட்ட கேலக்ஸிகளைப் பற்றி. மேடை பேனருக்கான படத்தைப் போன வாரமே ஆனையூர் பிளக்ஸ் கடையில் கொடுத்திருந்தேன். மேடையில் பார்த்தால், சுற்றிலும் குட்டி கேலக்ஸிகள், நடுவில் எங்கள் தாளாளரின் முகம், தங்கச் சங்கிலியோடு. கடைக்காரருக்குப் போன் செய்தேன்.

"நடுவுல மங்கலா ஒரு திட்டுதான சார் இருந்துச்சு. அய்யா படம் அதுல கச்சிதமா உக்காந்துருச்சுல்ல," என்றார்.

கழற்ற நேரமில்லை. துணிச்சலும் இல்லை. அதைக் காட்டியே பேசினேன். பக்கத்தில் வருவதையெல்லாம் விழுங்கித்தான் இது இவ்வளவு பெரிதானது, உள்ளே புதிய நட்சத்திரம் பிறப்பது ஏறக்குறைய நின்றுவிட்டது என்று சொன்னேன். முன்வரிசையில் தாளாளரே உட்கார்ந்திருந்தார். என்னுடையது ஒப்பந்த வேலை. வருடா வருடம் அவர் கையெழுத்துப் போட்டால்தான் உண்டு. மாணவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

முடிந்ததும் மேடையேறி வந்து என் தோளைத் தட்டினார்.

"நம்மளப் பத்தி இம்புட்டு உசத்தியா எவனும் பேசுனதில்ல தம்பி. அடுத்த வருசமும் நீதான் பேசுற."

மண்டு. அக்கம்பக்கத்துப் பள்ளிகளை வளைத்துப்போட்டதைத்தான் புகழ்கிறேன் என்று நினைத்திருக்கிறான். அறிவியல் விழா நடத்துகிறானாம்.

சரி, நான் என்ன செய்தேன்? இரண்டு கையையும் கூப்பி, "உள்ளதத்தான்யா சொன்னேன்," என்றேன். சொல்லும்போது முதுகு தானாகவே வளைந்தது.