கெறக்கமும் உறக்கமும்

மார்த்தாண்டம்

அன்புள்ள தேவகனிக்கு,

செல்வதாஸ் எழுதுவது. கர்த்தரின் கிருபையால் இங்கே சுகம். மஸ்கட்டில் நீயும், உன் வார்டில் படுத்திருப்பவர்களும் சுகமாயிருக்க ஜெபிக்கிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே திட்டத் தொடங்குவாய். அதனால் லீவு முடிந்து அங்கே திரும்பும் அடுத்த தெரு ஆன்ஸ்லினிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன். முழுதும் படித்துவிட்டுத் திட்டு.

டாக்டர் என் பிரஷருக்குப் புது மாத்திரை எழுதியது உனக்குத் தெரியும். அந்த மாத்திரையால் யாருக்கு என்ன தொந்தரவு வருகிறது என்று கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் போன் வருகிறது. பேசுவது ஆளல்ல, ஏஐ. முதல் தடவை பெண் குரல் கேட்டதும் நான் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டுதான் பதில் சொன்னேன். டீக்கடை தங்கப்பன் அதைச் சொல்லி இன்னும் சிரிக்கிறான்.

அடுத்த தடவை, “எழும்பும்போ நல்ல கெறக்கம் வருது” என்றேன். தலைசுற்றலுக்கு நம்மூரில் வேறென்ன சொல்ல? “நல்ல உறக்கம் வருவது மகிழ்ச்சி” என்று அது போனை வைத்துவிட்டது. ஒரு நர்ஸின் புருஷன் சொல்வதையே கேட்காத யந்திரத்தோடு என்ன பேச்சு என்று நானும் விட்டுவிட்டேன்.

அந்த வாரமே வடசேரி சந்தையில் குனிந்து சேனைக்கிழங்கு பொறுக்கியவன், நிமிர்ந்ததும் தலைசுற்றித் தக்காளிக் கூடையில் விழுந்தேன். பயப்படாதே, அடியில்லை. சட்டையில் இருந்ததெல்லாம் தக்காளிதான். ஆனால் ரத்தம் என்று நினைத்து ஒரு அம்மா எனக்காகச் சத்தமாக ஜெபிக்கத் தொடங்கிவிட்டார். அவர் முடிக்கும்வரை எழுந்திருக்கவும் முடியவில்லை.

அதே சட்டையோடு ஆஸ்பத்திரிக்குச் சண்டைக்குப் போனேன். மருந்துப் பிரிவில் ஜினிஷா என்ற பெண் என் பேச்சின் பதிவைப் போட்டுக் கேட்டாள். யந்திரத்துக்குப் பரிந்து பேசவில்லை. “தப்பு எங்க பக்கம்தான் அண்ணாச்சி. அது எழுதினத நாங்க பதிவோட ஒத்துப் பாக்கல்ல” என்றாள். பிறகு அதே மாத்திரை சாப்பிடும் மற்றவர்களின் பதிவுகளையும் கேட்டார்கள். குளச்சலில் மீன் விற்கும் சகாயசெல்வி உட்படப் பலரும் கெறக்கம் என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். யந்திரம் எழுதிய கணக்கிலோ எல்லோரும் நிம்மதியாக உறங்கியிருக்கிறார்கள். டாக்டர் எல்லோரையும் வரவழைத்துப் பார்த்தார். எனக்கு மாத்திரையைப் பாதியாக்கினார். இப்போது கெறக்கம் இல்லை.

நம்மூர்ப் பேச்சை யந்திரத்துக்குப் பழக்க வேண்டும் என்று ஜினிஷா கேட்டதால், தங்கப்பனையும் கூட்டிப் போனேன். மைக்கைக் கண்டதும் அவன் தனக்கு இல்லாத நோயையெல்லாம் சொன்னான். அவனை உடனே அட்மிட் பண்ணும்படி அது சிபாரிசு செய்ததாம்.

நேற்று அதைச் சோதிக்க, வாய் நிறையப் பழம்பொரியை வைத்துக்கொண்டு பேசினேன். “நீங்கள் சொன்னது எனக்கு விளங்கவில்லை, உங்களை அழைக்கும்படி ஜினிஷாவிடம் சொல்கிறேன்” என்றது. அவளும் பதறிக் கூப்பிட்டாள். நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஆனாலும் அப்போதுதான் எனக்கு நம்பிக்கை வந்தது. விளங்காததை விளங்கவில்லை என்று சொல்ல நம் சபைக் கமிட்டியில்கூட ஆள் கிடையாது.

வைக்கும் முன், வேறு ஏதும் கஷ்டம் உண்டா என்று அது கேட்கும். சாப்பிட்ட பின் ஒரு தட்டை மட்டும் கழுவிக் கவிழ்த்து வைப்பதைப் பற்றி ஒருநாள் சொல்லிப்போட்டேன். “இது மருந்தால் வந்ததாகத் தெரியவில்லை” என்றது.

சரியாகத்தான் சொல்கிறது. மேட்ரனிடம் லீவுக்கு இன்னொரு தடவை கேட்டுப் பார். கர்த்தர் அவர் மனதை இளக்குவாராக.

உன்
செல்வதாஸ்