உப்பு டீயும் உங்கள் தங்கையின் பெயரும்

இன்று காலை டீயில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டுவிட்டேன். என் வீட்டுக்காரர் ஒரு வாய் குடித்துவிட்டு, "என்னம்மா இது, உன் திபெத்துக்காரர் டீயா?" என்றார். சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. டம்ளரை மெதுவாகக் கீழே வைத்துவிட்டு ரயிலைப் பிடிக்க ஓடிவிட்டார். நான் அதைக் கொட்டவில்லை. ஒரு கரண்டி வெண்ணெயையும் போட்டு, நீங்கள் உட்காரும் ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து குடித்தேன். வாயில் வைக்க முடியவில்லை. நான்கு வருஷமாகச் சனிக்கிழமைதோறும் இதைப் போட்டுக் கொடுத்தவள், ஒருநாளாவது குடித்துப் பார்த்தேனா?

நீங்கள் போய் இன்றோடு நாற்பத்தொன்பது நாள். செத்தவர்களுக்கு அதுவரைக்கும் காது கேட்கும், அதற்கப்புறம் அடுத்த பிறவிக்குப் போய்விடுவார்கள் என்று சொல்லியிருக்கிறீர்கள். ஆகவே இன்றைக்குள் எழுதியாக வேண்டும். எனக்கு ஒரே ஒரு பதில் வேண்டும். கடைசியில் கேட்கிறேன்.

முதலில் உங்கள் குரலைத்தான் பார்த்தேன் என்று சொல்ல வேண்டும். மெல்போர்னில் கிளென் வேவர்லி ரயிலில் நான் வீட்டுக்காரரைத் தமிழில் திட்டிக்கொண்டிருந்தேன். இந்த ஊரில் யாருக்குப் புரியப்போகிறது என்ற தைரியம். பின்சீட்டிலிருந்து, "வாங்க அக்கா, நல்ல கம்பளி, கம்மி விலை!" என்று ஒரு சத்தம். திரும்பினால் நீங்கள், முகமெல்லாம் சிரிப்பு. கோயமுத்தூர் நடைபாதையில் நான்கு குளிர்காலம் ஸ்வெட்டர் விற்றுக் கற்ற தமிழ். என்னைவிடப் பத்து வயது மூத்தவர் என்னை அக்கா என்கிறாரே என்று கேட்டேன். "ஸ்வெட்டர் வாங்கற எல்லாரும் அக்காதான் அக்கா," என்றீர்கள். பல்கலைக்கழகத்தில் திபெத்திய அகராதி வேலைக்கென்று உங்களை அழைத்து வந்தார்கள். அது முடிந்ததும் கம்பளிக் கிடங்கில் ஆட்டுமயிர் தரம் பிரிக்கப் போனீர்கள். எழுத்தாளர் என்று நீங்களாகச் சொல்லிக்கொண்டதே இல்லை. மஞ்சள் துணியில் சுற்றிய நீளநீளமான ஏடுகளை, உங்கள் மொழியில் நீங்கள் எழுதிய உங்கள் வாழ்க்கைப் புத்தகத்தை, ஒருநாள் என் மேஜையில் வைத்தீர்கள். அப்போதுதான் தெரிந்தது.

நீங்கள் ஏட்டைப் பார்த்துத் தமிழில் சொல்வீர்கள். நான் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்வேன். தொடங்குமுன் மோதிர விரலை டீயில் நனைத்து மூன்று முறை மேலே தெறிப்பீர்கள். தெய்வத்துக்காம். நேற்றுத்தான் துடைத்த தரை என்று நான் கத்துவேன். ஒவ்வொரு முறையும் உங்கள் தங்கையின் பெயரைச் சொல்லி, "நல்லா இருக்கணும்," என்பீர்கள். நீங்கள் எல்லை தாண்டியபோது தாயைப் பார்த்துக்கொள்ள அங்கேயே தங்கிவிட்டவள். வருஷத்துக்கு இரண்டு முறை ஒரு உப்பு வியாபாரி நேபாளத்துக்கு வந்து, அவள் உயிரோடிருக்கிறாள் என்று சொல்லிவிட்டுப் போவான். அதை உங்கள் சொந்தக்காரர் ஒருவர் காட்மாண்டுவிலிருந்து கடிதத்தில் எழுதுவார். அந்த இரண்டு கடிதத்துக்காகத்தான் நீங்கள் வருஷம் முழுக்க உயிரோடு இருந்தீர்கள்.

ஆனால் புத்தகத்தில் ஒரு பெயர்கூடக் கிடையாது. தாய், தங்கை, ஆற்றங்கரை ஊர், அவ்வளவுதான்.

"பேர் போடுங்க. பேரில்லாத ஆளுக்கு எவன் அழுவான்?"

"பேர் போட்டா ஆபத்து நமக்கு இல்ல அக்கா. அங்க சீனாக்காரன் கண்ணுக்குக் கீழ இருக்கறவங்களுக்கு."

எனக்கு அது ஏறவில்லை. நான் பிறந்த ஊரில் பெயரை எழுதினால் பெருமை. கல்யாணப் பத்திரிகையில் ஒரு பெயர் விட்டுப்போனால் பத்து வருஷம் பேச்சுவார்த்தை இருக்காது. கோயிலில் டியூப்லைட் கொடுத்தவனும் அதன்மேல் பெயர் எழுதித்தான் கொடுப்பான். பெயர் ஒருத்தியைக் கொல்லும் என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்? நீங்கள் சொன்னீர்கள். நான்தான் கேட்கவில்லை.

கால் ஒடிந்த உங்களைத் தங்கை தோளில் சுமந்து ஆற்றைக் கடந்த அத்தியாயத்தைச் சிட்னியில் ஒரு சிறு பத்திரிகை கேட்டது. பெயரும் ஊரும் இல்லாமல் கட்டுக்கதை போலிருக்கிறது என்று ஆசிரியர் எழுதியிருந்தார். நீங்கள் அந்த வாரம் காய்ச்சலில் படுத்திருந்தீர்கள். கேட்டால் வேண்டாம் என்பீர்கள் என்று தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை. அவள் பெயரையும் ஊரையும் நானே தட்டி அனுப்பினேன். உங்களுக்கு நல்லது செய்கிறேனாம். அதிகப்பிரசங்கி!

அச்சில் வந்ததைப் பெருமையாக உங்களிடம் நீட்டினேன். நீங்கள் எழுத்துக்கூட்டிப் படித்தீர்கள். விரல் ஓரிடத்தில் நின்றது. "அக்கா," என்றீர்கள். என்னை அறைந்திருக்கலாம்.

மறுநாள் நகரத்துக் கடைகளிலெல்லாம் ஏறி இறங்கி, கிடைத்த பிரதிகளை வாங்கிவந்தேன். கொல்லையில் குப்பை எரிக்கும் செங்கல் அடுப்பில் போட்டுக் கொளுத்தினேன். நீங்களும் வந்தீர்கள். ஒவ்வொரு பிரதியையும் வாங்கி உச்சந்தலையில் வைத்து, பிறகு நெருப்பில் போட்டீர்கள். எழுத்தை அப்படித்தான் வழியனுப்ப வேண்டும் என்றீர்கள். நான் குலுங்கிக் குலுங்கி அழுதேன். "அழாத அக்கா, சும்மா பேப்பர்தான்," என்று பொய் சொன்னீர்கள்.

அந்த வருஷம் கடிதம் வரவில்லை. அடுத்த வருஷமும் இல்லை. "மெல்போர்ன்ல நாலு பேர் படிச்ச பத்திரிகை, அதை அங்க யாரு பாத்திருக்கப் போறா?" என்கிறார் என் வீட்டுக்காரர். வியாபாரி செத்திருக்கலாம், பாதை அடைபட்டிருக்கலாம் என்கிறார். இருக்கலாம். எனக்கும் அப்படி நம்பத்தான் ஆசை. சனிக்கிழமை வந்தால் முடியவில்லை.

நீங்கள் மட்டும் வருவதை நிறுத்தவே இல்லை. அதுதான் எனக்குத் தண்டனை. ஒரு சனிக்கிழமை டீயைத் தெறித்தீர்கள், அவள் பெயரைச் சொல்லவில்லை. மறந்துவிட்டீர்களோ என்று நான் எடுத்துக் கொடுத்தேன். என் வாயைப் பொத்துவதுபோலக் கையை நீட்டினீர்கள்.

"செத்தவங்க பேரை எங்க ஆளுங்க சத்தமா சொல்லக்கூடாது அக்கா."

"சேதி வந்துதா?"

"வரல. அதான் சேதி."

அதற்கப்புறம் இருமல். கம்பளித் தூசி என்றார் மருத்துவர். இருக்கும். ஆஸ்பத்திரியில் மஞ்சள் மூட்டையை என் மடியில் வைத்தீர்கள். அதில் ஓர் எழுத்துகூட எனக்குப் படிக்கத் தெரியாது என்று தெரிந்தும் வைத்தீர்கள். ஏன் என்னிடம்? வேறு ஆளில்லை என்பதாலா, மன்னித்துவிட்டதாலா? இதையும் கேட்க நினைத்தேன். வேண்டாம், எனக்கு ஒரு பதிலே போதும்.

உங்கள் தங்கை அங்கே உங்களோடு இருக்கிறாளா?

இன்று காலை நானும் மோதிர விரலை டீயில் நனைத்துத் தெறித்தேன். ஒரு சொட்டு தரையில் விழுந்தது, துடைக்கவில்லை. அவள் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உயிரோடிருந்தால் நான் அவள் பெயரைச் சொல்லி நல்லா இருக்கணும் என்று வேண்ட வேண்டும். அதைச் செய்ய இனி வேறு யாரும் இல்லை. இறந்திருந்தால் சொல்லவே கூடாது. எது என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்தபடியே டீ ஆறும்வரை உட்கார்ந்திருந்தேன்.

இந்த மடலைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். உங்கள் பெயர் இல்லை. அவள் பெயர் இல்லை. ஊர் இல்லை. இந்தத் தடவை ஒன்றும் சேர்க்கவில்லை.