கேட்டில் நின்ற பாடை

செவ்வாய்க்கிழமை.

ஊர் நடுவிலிருக்கும் ரயில்வே கேட்டைப் போன வாரம்தான் ஒரு பூட்டுப்பெட்டி வைத்து சிக்னலோடு இணைத்தேன். இனி ரயில் போகும்வரை யாராலும் அதைத் திறக்க முடியாது. இன்று வந்து மாட்டியது ஒரு பாடை. செத்தவர் பழைய கேட்கீப்பர். யார் வீட்டுப் பாடை வந்தாலும் சிக்னலை இரண்டு நிமிடம் தாமதப்படுத்தி வழி விடுவாராம்.

"உங்க பெட்டிகிட்ட நீங்களே சொல்லிப் பாருங்க சார்," என்றார் இப்போதைய கேட்கீப்பர்.

கொள்ளிச்சட்டியோடு நின்ற மகன் பாடையைப் பார்த்துச் சொன்னான்: "எல்லாருக்கும் தொறந்து விட்டியேப்பா, உன் முறைக்கு நிக்கிறியே."

பாடையை வழியில் இறக்கக் கூடாதாம். இருபது நிமிடம் சுமந்தே நின்றார்கள். ஒருவருக்குக் கால் நடுங்கியது. அவர் இடத்தில் நான் தோள் கொடுத்தேன்.

சாயங்காலம் இணைப்பை மறுபடி சோதித்தேன். ஒரு தவறும் இல்லை. தோள்தான் இன்னும் வலிக்கிறது.