மந்திக்கு விட்ட கிளை

மந்திகளுக்குச் செல்லப்பிள்ளையும் எனக்குப் புருஷனுமான மாமாவுக்கு,

கோபப்படாமல் கேளுங்கள். உங்கள் கடைசி மூன்று நாளும் நான் உங்களுக்குக் கொடுத்தது ஆட்டுக்கால் சூப் இல்லை. நம் ஓடைக்கரையில் திரிந்த கருமூஞ்சி மந்தி. இளைப்புக்கு அதுதான் மருந்து என்று ஊரே சொன்னது. நீங்கள் மூச்சுக்குத் தவித்ததைப் பார்க்க முடியாமல், வேட்டைக்காரன் ஒருவனிடம் யாருக்கும் தெரியாமல் சொல்லிப் பிடிக்க வைத்தேன்.

புளி உலுக்கும்போது மந்திக்கென்று ஒரு கிளையைத் தொடாமல் விடுகிற மனுஷன் நீங்கள். ருசி தெரிந்ததா மாமா? தெரிந்தும் எனக்காக விழுங்கினீர்களா?

இப்போது நம் மகள் செல்விக்கும் இளைப்பு. போன மாதம் உங்கள் அண்ணன் வலையோடு வந்துவிட்டார். மேலே காட்டைத் திருத்தித் திருத்தி, மந்திகளுக்கு நம் புளியமரங்கள்தான் மிச்சம். குட்டியோடு சேர்த்து ஏழு இருந்தால் அதிகம்.

“புள்ள பொழைக்கணுமா, மந்தி பொழைக்கணுமா? இன்னா சொல்ற?” என்றார். “அன்னிக்கு நீ குடுத்திருந்தா என் தம்பி இருந்திருப்பான்.”

இத்தனை வருஷமாக வாங்கிய அதே பேச்சுதான். அன்றைக்கு என்னால் பொறுக்க முடியவில்லை.

“குடுத்தேங்க! ஆட்டுக்கால்னு பொய் சொல்லி மூணு நாளு குடுத்தேன். நாலாம் நாளு உங்க கையாலதான மண்ணு போட்டீங்க?”

கூடி நின்றவர்கள் முன்னாலேயே உங்கள் அண்ணன் அப்படியே உட்கார்ந்து அழுதார். நான் அழவில்லை.

“ஃபாரஸ்ட்காரங்க கேட்டா நான் செஞ்சத நானே சொல்லிக்கிறேன். வலையோட யாரு வந்தாலும் என்னத் தாண்டித்தான் மரத்துக்குப் போவணும்” என்றேன். சிலர் இன்னும் என்னோடு பேசுவதில்லை. பேசாவிட்டால் போகட்டும்.

செல்வியை ஆலங்காயம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். இன்ஹேலர் கொடுத்திருக்கிறார்கள். அதைப் பையில் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சில நாள் இன்னும் இழுக்கத்தான் செய்கிறது. உங்களிடம் இனிமேல் பொய் சொல்ல மாட்டேன்.

நேற்றோடு புளி உலுக்கி முடிந்தது. இந்த வருஷம் இரண்டு கிளை விட்டிருக்கிறேன். ஒன்று உங்கள் வழக்கம். இன்னொன்று நான் கொன்றதற்கு.

நம் பிள்ளைக்கு மூச்சு முட்டினால் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு மலையிறங்கி ஓடுவேன். அந்த மரத்துப் பக்கம் வலையோடு போக மாட்டேன், யாரையும் போக விடவும் மாட்டேன்.

உங்களை ஏமாற்றிய
உங்கள் மாமன் மகள்,
குப்பம்மாள்