விசில் வருவதற்குள் ஒரு பதில்

இன்று காலை குக்கர் முதல் விசில் அடித்ததும் நான் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டேன். சமையலறை வாசலில் கைப்பேசியைப் பிடித்துக்கொண்டு நின்ற என் வீட்டுக்காரர் நிமிர்ந்து பார்த்தார்.

"ஏன் நிறுத்திட்ட? நல்லாத்தானே போய்ட்டிருந்துச்சு?"

"விசில் வந்துருச்சுங்க. அவ்வளவுதான் நேரம்."

"யாரு சொன்னது?"

யார் சொன்னது என்று அவருக்கு எங்கிருந்து தொடங்கிச் சொல்வேன், சிநேகிதி? நாளைக் காலை மைசூர் ஹெப்பாள் தொழிற்பேட்டையில் எனக்கு இண்டர்வியூ. நீயும் நானும் ஒன்றாகச் சேர்ந்த கம்பெனி வேறு ஊருக்குப் போகிறது. கூடப் போக முடியாதவர்கள் வேறு இடம் தேடிக்கொள்ள வேண்டியதுதான். நாற்பதைத் தாண்டிய பிறகு மறுபடியும் ஒருவர் முன்னால் உட்கார்ந்து, என்னைப் பற்றி நானே நல்லவிதமாகச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்க நீ இல்லை. இவர் கைப்பேசியைப் பார்த்து வாசிக்கிறார், ரேஷன் கடையில் பெயர் கூப்பிடுவது மாதிரி.

குக்கர் மட்டும் அதே குக்கர்தான். தேவராஜ மொஹல்லாவில் பாத்திரக் கடையில் நீ வேலைக்கு நின்றுகொண்டிருந்த காலத்தில், மூடி நசுங்கிவிட்டது என்று முதலாளி உனக்கு மலிவாகக் கொடுத்தது. எனக்குக் கல்யாணமாகித் தனிக்குடித்தனம் போனபோது, "நான் ஒருத்திக்கு எதுக்குடி இது" என்று என் கையில் திணித்தாய். கைப்பிடியை இரண்டு தரம் மாற்றிவிட்டேன். குரல் மாறவில்லை.

நம் ஊர் ராமாபுரத்திலிருந்து டிகிரியை முடித்துக்கொண்டு மைசூருக்கு வந்த நாம் இருவரும், ஒரு வீட்டின் பின்பக்க அறையில் குடியிருந்தோமே, அங்கேதான் அந்தச் சட்டத்தை நீ போட்டாய். அரிசியைக் களைந்து அடுப்பில் வைத்துவிட்டுக் கேள்வியைக் கேட்பாய். விசில் வருவதற்குள் பதில் முடிந்துவிட வேண்டும். "அதுக்கு மேல எவனும் கேக்க மாட்டான். அவனுக்கும் பசிக்கும்."

முதல் கேள்வியிலேயே நான் தோற்றுப்போவேன். உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால், என் அப்பா, அவருடைய சோளக்காடு, வறண்டுபோன போர்வெல், அண்ணன், அண்ணி பிறந்த ஊர் என்று போய்க்கொண்டே இருப்பேன். நம் பக்கத்தில் யாராவது நீ யார் என்று கேட்டால் யார் வீட்டுப் பெண் என்றுதானே சொல்லிப் பழக்கம்? சின்ன மாமன் வரைக்கும் வந்திருப்பேன், குக்கர் அலறிவிடும். நீ எழுந்து எனக்குக் கைகொடுப்பாய்.

"ரொம்ப சந்தோஷமுங்க. உங்கப்பாவுக்கு வேலை கெடச்சுருச்சு. நீங்க ஊட்டுக்குப் போங்க."

சிரித்துச் சிரித்துச் சோற்றைக் குழையவிட்ட நாட்கள் உண்டு. ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் இருந்தது என்ன என்று எனக்குத் தெரியும். எனக்குக் கம்பெனி வேலை சம்பளத்துக்கு. உனக்கு உயிருக்கு. சின்ன வயதில் வந்த காய்ச்சல் உன் இதயத்தின் வால்வைக் கெடுத்துவைத்திருந்தது. படியேறும்போது பாதியில் நின்று, செருப்பு வாரைச் சரிசெய்வது போலக் குனிவாய். மூச்சு வாங்குவது யாருக்கும் தெரியக் கூடாது உனக்கு. ஆபரேஷன் செய்தாக வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கம்பெனியில் சேர்ந்தால் ஈ.எஸ்.ஐ. மருத்துவ வசதி கிடைக்கும், அதில் செய்துகொள்ளலாம். கடை வேலையில் அதற்கு வழியில்லை. இரண்டு இடங்களில் உண்மையைச் சொன்னாய். இரண்டு இடங்களிலும் அப்புறம் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள்.

அதனால் இந்த முறை இதைப் பற்றி வாயே திறக்கக் கூடாது என்று உன்னிடம் சத்தியம் வாங்கினேன். உங்கள் குறை என்ன என்று கேட்டால், எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது என்று சொல்லப் பழக்கினேன்.

"இதெல்லாம் ஒரு கொறையாடி? பொண்ணு பாக்க வந்தவங்ககிட்ட, 'எங்க புள்ளைக்கு எதுத்துப் பேசவே தெரியாதுங்க'ன்னு சொல்ற மாதிரியல்ல இருக்குது!"

"நீ சொல்லு. வேலை வேணுமா வேண்டாமா?"

இண்டர்வியூ அன்றைக்கு ஹெப்பாள் கம்பெனியில் கூட்டம் அதிகம் என்பதால் இரண்டிரண்டு பேராக உள்ளே கூப்பிட்டார்கள். நாம் சேர்ந்தே போனோம். மேசைக்கு அந்தப் பக்கம் நரைத்த மீசையோடு மேனேஜர், பக்கத்தில் எச்.ஆர். மேடம். முதலில் என்னைக் கேட்டார்கள். வாயைத் திறந்தால் என்ன வருகிறது? "எங்க அப்பா விவசாயி சார், எங்களுக்குச் சோளம்..." அப்போது பக்கத்து நாற்காலியிலிருந்து, பல்லிடுக்கில், மெல்லிசாக ஒரு 'உஸ்ஸ்ஸ்.' மேனேஜர் ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீ சாமி படம் மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாய், பாவி! எனக்கு வந்த சிரிப்பில் பயம் ஓடிப்போனது. அப்பாவைக் காட்டிலேயே விட்டுவிட்டு என்னைப் பற்றிப் பேசினேன்.

பிறகு உன் முறை. எல்லாக் கேள்விக்கும் கன்னடத்தில் கணீரென்று சொல்லிக்கொண்டு வந்தாய். குறை என்ன என்றபோது நான் பழக்கியதையே சொன்னாய். அப்பாடா என்றிருந்தது. மேடம் கடைசியாக, ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள் என்று கேட்டார். அதற்கும் ஒரு பதிலை மனப்பாடம் செய்து வைத்திருந்தோம். நீ அதைச் சொல்லவில்லை.

"உசிரோட இருப்பேன் மேடம். அதுக்குத்தான் இந்த வேலை கேக்கறேன்."

மேடம் புரியாமல் பேனாவைக் கீழே வைத்தார். நீ எல்லாவற்றையும் சொன்னாய், வால்வு, டாக்டர், ஆபரேஷன், ஏற்கெனவே இல்லை என்ற இரண்டு கம்பெனிகள். குரலில் கெஞ்சலே இல்லை. "வேலைய முதல்ல நல்லாக் கத்துக்கறேன். பொறவு ஆபரேஷனுக்கு லீவு வேணும். திரும்பி வந்து வேலை செய்வேன். அஞ்சு வருஷம் கழிச்சு நானே வந்து உங்க கதவத் தட்டிச் சொல்றேன், இருக்கறேன்னு. வேண்டாம்னா இப்பவே சொல்லிருங்க சார், பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அம்மாடி! இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. எத்தனையோ பேர் அந்த மாதிரி நாற்காலியில் உட்கார்ந்து பேசிய கதையைக் கேட்டிருக்கிறேன். யாரும் உன்னைப் போல் தன் உயிரை மேசைமேல் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று சொன்னதில்லை.

வெளியே வந்ததும் உன்னைப் பிடித்துக்கொண்டேன். "ஏண்டி, சத்தியம் பண்ணிக் குடுத்தியே!"

"முழுக்க நனைஞ்சாச்சு, முக்காடு எதுக்கு? பொய் சொல்லிச் சேந்தா தெனமும் அதையும் தூக்கிட்டுப் படி ஏறோணும். எனக்கு மூச்சு வாங்கும்டி."

நம் இருவருக்குமே வேலை வந்தது. உன்னை எடுக்கச் சொன்னது மேனேஜரா மேடமா என்று கடைசிவரை நமக்குத் தெரியவில்லை. உன்னை ஸ்டோர்ஸிலும் என்னை டிஸ்பாட்சிலும் போட்டார்கள். ஆபரேஷன் முடிந்து நீ திரும்பி வந்தபோது, பஸ்ஸில் உன் பக்கத்தில் உட்கார்ந்தால் நெஞ்சுக்குள்ளிருந்து கைக்கடிகாரம் போல 'டிக் டிக்' கேட்கும். "உலோக வால்வுடி. இனி எனக்கு நேரம் தவறாது" என்பாய். படியில் நின்று செருப்பு வாரைத் தேடுவதை விட்டுவிட்டாய்.

ஒருநாள் காலையில், தேவராஜ மார்க்கெட்டில் வாங்கிய நஞ்சன்கூடு ரசபாளை வாழைப்பழச் சீப்போடு வந்தாய். யாருக்கு என்றேன். வா என்று இழுத்துக்கொண்டு போய் மேனேஜர் அறைக் கதவைத் தட்டினாய்.

"சார், அஞ்சு வருஷமாச்சு. இருக்கறேன்."

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. எத்தனை பேரிடம் கேட்ட கேள்வி! "இண்டர்வியூல மேடம் கேட்டாங்களே சார், அஞ்சு வருஷம் கழிச்சு எங்கன்னு" என்றாய். அவருக்கு ஞாபகம் வந்தது. பிறகு நாற்காலியை விட்டு எழுந்தார். எழுந்து நின்று, இரண்டு கையாலும் அந்தப் பழத்தை வாங்கிக்கொண்டார். அவர் கண் கலங்கியிருந்தது. நீயோ சிரித்துக்கொண்டிருந்தாய். "அடுத்த அஞ்சு வருஷத்துக்கும் கேட்டு வைங்க சார்."

அந்த அடுத்த ஐந்து வருஷம் முடிவதற்குள் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். கதவைத் தட்ட யாரும் போகவும் இல்லை. எனக்கு அதில் இன்னும் கோபம் உண்டு, யார்மேல் என்று தெரியாத கோபம்.

இன்று காலை முதல் விசில் அடங்கியதும் இவர் அடுத்த கேள்விக்குத் தாவினார். ஐந்து வருஷம் கழித்து உங்களை எங்கே பார்க்கிறீர்கள்? பொறுப்பான பதவியில், கம்பெனியோடு சேர்ந்து வளர்ந்து என்று நல்ல பதிலாகவே தயார் செய்து வைத்திருந்தேன். நேற்றுவரை இந்த வயதில் என்னை யார் எடுப்பார்கள் என்று அழுதுகொண்டிருந்தவள் நான். வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"இருப்பேன். வேலைக்கு வருவேன். அஞ்சு வருஷம் கழிச்சு நானே வந்து உங்க கதவத் தட்டிச் சொல்றேன்."

இவர் கைப்பேசியைத் தாழ்த்தினார். "இது எந்தப் புஸ்தகத்துல இருக்கு?"

நான் குக்கரைப் பார்த்தேன். உள்ளே அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. இரண்டாவது விசில் இன்னும் வரவில்லையடி.