புழுவெட்டு இல்லை

அன்புள்ள அக்கா,

போனில் நன்றாக இருப்பதாகச் சொன்னது பொய். என் தலையில் ஐம்பது காசு அளவுக்கு முடி கொட்டிவிட்டது. புழுவெட்டு என்று நினைத்துச் சின்ன வெங்காயம் தேய்த்தேன்.

கிளினிக்கில் என் தலையைப் பார்த்த நர்ஸ் மிஸ்ஸி, "பூச்சியெல்லாம் இல்லலா. பயத்த உள்ளுக்கே வச்சிருக்க, அதான் கொட்டுது. தெனம் கொஞ்சம் நடந்துட்டு வா" என்றார்.

எப்படிப் போவது? நான் பள்ளிக்குப் போயிருந்தபோதுதானே அப்பா வாதம் வந்து விழுந்தார். அவரைப் பார்த்துக்கொள்ளப் பள்ளியை விட்டும் ஒரு வருடமாகிறது. குளிக்கும்போதும் என் காது அவரிடமே இருக்கிறது.

நேற்று பஸ் நிறுத்தம்வரை போனேன். அவர் விழுந்த சத்தம் கேட்டது போலிருந்தது, ஓடி வந்தேன். டிவி பார்த்துக்கொண்டிருந்தவர், "என்னம்மா, நாய் தொரத்துச்சா?" என்று சிரித்தார்.

ஞாயிற்றுக்கிழமை வா அக்கா. ஒரு மணி நேரம் மட்டும் எனக்குப் பதிலாக நீ பயந்துகொண்டிரு. நான் சிம்பாங் பூலாய் சந்திவரை நடந்துவிட்டு வருகிறேன்.

உன் தங்கை