குருவிக்கு ஒரு தனிக் கிண்ணம்

பிப்ரவரி 9

அன்புள்ள குருவி அப்பாவுக்கு,

எல்லாரும் சுகம் என்று தொடங்க ஆசைதான். உடம்பு சுகம். மனசுதான் ஒரு நிலையில் இல்லை. போனில் பேசினால் ஐந்தாவது நிமிஷம் சண்டையில் முடிகிறது. எழுதினால் நீங்கள் குறுக்கே பேச முடியாது, அதனால் எழுதுகிறேன்.

குருவி, பூசையில் முதன்முதலாகத் திருவப்பம் வாங்குவதற்கான புதுநன்மை வகுப்புக்குப் போகிறாள். நான்தான் அனுப்பினேன். ஜெபங்களைக் கற்றுக்கொள்ளட்டும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நேற்று வகுப்பு முடிந்து வந்ததும் பையைக்கூடக் கழற்றாமல் என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து நின்றாள்.

"அம்மா, பூசையில சாமியார் வசனம் சொன்ன உடனே அது அப்பம் இல்லையாம். நிஜமாவே ஆண்டவரோட உடம்பாம். சிஸ்டர் சொன்னாங்க."

"ஆமாடி."

"அப்போ அது கோதுமை இல்ல. எனக்கு ஒண்ணும் ஆகாது. இல்லம்மா?"

ஊசி துணியிலேயே நின்றுவிட்டது. ஆமாம் என்றால் பிள்ளை அதை வாங்கித் தின்றுவிடுவாள். இல்லை என்றால் அது ஆண்டவர் இல்லை என்று சொன்னதாகிவிடும். "போய்க் கை கழுவு" என்று விரட்டிவிட்டேன். அவள் கை கழுவும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே அழுதேன்.

உங்களுக்கு நினைவிருக்கும். நீங்கள் பேக்கரியிலிருந்து வந்து அவளைத் தூக்கின அன்று, உங்கள் சட்டையில் ஒட்டியிருந்த மாவுக்கே அவள் உதடு வீங்கி, தொண்டை அடைத்து, நீலம் பாரித்துப் போனாள். கோதுமைத் தூசிகூட ஆகாது என்றார் டாக்டர். அதன்பிறகு நீங்கள் வாசலிலேயே சட்டையைக் கழற்றிப் பார்த்தீர்கள், தலைக்குக் குளித்துப் பார்த்தீர்கள். கடைசியில் அந்த வெளியூர் பேக்கரிக்கே போய்த் தங்கிவிட்டீர்கள். இப்போது எப்போதாவது புதுத்துணி உடுத்திக்கொண்டு விருந்தாளி மாதிரி வந்து போகிறீர்கள். தகப்பனையே தள்ளி வைத்த கோதுமை இது. அதை அவள் நாக்கில் வைக்கவா?

எனக்குப் பயமாக இருக்கிறது. ஒரு வார்த்தை எழுதுங்கள். தைரியம் சொல்கிறேன் என்று வேதாந்தம் பேச வேண்டாம்.

இப்படிக்கு,
குருவி அம்மா

~

பிப்ரவரி 17

அன்புள்ள குருவி அம்மாவுக்கு,

கடிதம் வந்தது. மாவுக் கையோடு பிரிக்கக் கூடாது என்று கழுவிவிட்டு வந்து பிரித்தேன். பழக்க தோஷம். அடுப்பு முன்னால் நிற்கிறவனுக்கு நரகத்தைப் பற்றிப் பயமில்லை என்று இங்கே என்னைக் கேலி செய்வார்கள். உன் கடிதத்தைப் படித்ததிலிருந்து அந்தக் கேலிக்கு என்னால் சிரிக்க முடியவில்லை.

ஆனாலும் கேட்கிறேன், கோபப்படாதே. நாம் நம்புகிறோமா இல்லையா? பீடத்தில் எழுந்தருளுவது அவர்தான் என்றால் அவர் நம் பிள்ளையைக் கொல்லவா வருவார்? தொட்டவர்களையெல்லாம் குணமாக்கினவர் ஆயிற்றே.

போன வாரம் போனில் குருவி இதையே என்னிடமும் கேட்டாள். "பயப்படாதே கண்ணு, அவர் உன்னை ஒண்ணும் செய்யமாட்டார்" என்று சொன்னேன். வேறு என்ன சொல்ல? வீட்டில் எல்லாரும் சாப்பிடும்போது அவளுக்கு மட்டும் தனித் தட்டு, தனிக் கரண்டி. பள்ளிக்கூடத்தில் தனி பெஞ்சு. கோயிலிலும் அவளை ஓரமாக நிறுத்தினால் அவள் எங்கேதான் போவாள்? ஓரமாக நிற்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

நீ நன்றாகச் சாப்பிடு. கண்ணாடியைத் துடைத்துவிட்டுத் தை.

உன்,
குருவி அப்பா

~

பிப்ரவரி 26

குருவி அப்பாவுக்கு,

அன்புள்ள என்று எழுத இன்று கை வரவில்லை. எட்டு வயதுப் பிள்ளையிடம் அப்படியா சொல்வீர்கள்? நான் அவள் பையில் ஊசி மருந்தை வைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் யார் பிஸ்கட் தின்றார்கள் என்று போலீஸ்காரி மாதிரி விசாரித்துக்கொண்டு அலைகிறேன். நீங்கள் ஒரு வார்த்தையில் கதவைத் திறந்துவிட்டீர்கள்.

நம் சாமியாரைப் பார்க்கப் போனேன். விஷயத்தைச் சொன்னதும் மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"கொடுக்கவே கூடாதும்மா. அவர் எழுந்தருளுறது நிஜம். ஆனா அப்பத்தோட உருவம், ருசி, அது உடம்புக்குள்ள போய் செய்யற வேலை, எல்லாம் அப்படியேதான் இருக்கும்."

"அரிசியில ஒரு அப்பம் செஞ்சு வச்சா ஆகாதா சாமி? அரிசியில இறங்கமாட்டேன்னு அவர் சொன்னாரா?" என்று கேட்டேன். கோபத்தில் வாய்க்கு வந்ததைக் கேட்டுவிட்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. கோதுமைதான் என்பது திருச்சபையின் சட்டம், அதை மாற்ற அவரால் முடியாதாம். ஆனால் வழி இருக்கிறது என்றார். திராட்சை இரசத்திலும் ஆண்டவர் முழுமையாகவே இருக்கிறாராம், பாதி அளவு என்று இல்லையாம். அவளுக்கென்று தனியாக ஒரு சின்னக் கிண்ணம் வைக்கலாமாம். பெரிய கிண்ணத்தில் அப்பத்தைப் பிட்டுப் போடுவார்களே, அந்தத் துணுக்கு இதில் விழாமல் பார்த்துக்கொள்வாராம்.

நான் வேண்டாம் என்றேன். அப்பம் தொட்ட கை, அப்பம் வைத்த பீடம், ஒரு துகள் போதாதா? அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று எழுந்து வந்துவிட்டேன்.

இப்போது தையல் கடையில் மற்றப் பிள்ளைகளின் புதுநன்மை வெள்ளைக் கவுன்களைத் தைப்பது நான்தான். அவள் பள்ளிவிட்டு வந்து ஒவ்வொரு கவுனாகத் தடவிப் பார்க்கிறாள். ஒன்றும் கேட்பதில்லை. வாய் ஓயாத பிள்ளை கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயம்.

இனி அவளிடம் இதைப் பற்றிப் பேசாதீர்கள். கெஞ்சிக் கேட்கிறேன்.

குருவி அம்மா

~

மார்ச் 11

குருவி அப்பாவுக்கு,

பிழைத்துக்கொண்டாள். முதலில் அதைப் படித்துக்கொள்ளுங்கள். போனில் ஆஸ்பத்திரி பெயரையும், "வர வேண்டாம்" என்பதையும் தவிர நான் ஒன்றும் சொல்லவில்லை. இப்போது வீட்டில் தூங்குகிறாள். அவள் மூச்சு விடுவதைப் பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை வைத்தவர் வெளியூர்ச் சாமியார். நம் சாமியார் பின்னால் பாவங்களைச் சொல்ல வந்தவர்களிடம் பாவசங்கீர்த்தனம் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நன்மை வாங்கி வந்து முழந்தாளிட்டுக் கண்ணை மூடினேன். திறந்தபோது பக்கத்தில் பிள்ளை இல்லை. அந்தப் பக்கத்து வரிசையில், இரண்டு பெரியவர்களுக்கு நடுவே, கை கூப்பிக்கொண்டு நிற்கிறாள். அவளுக்கு முன்னால் ஒரே ஒரு ஆள். நான் கூப்பிட்டேன். பாட்டுச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. பெஞ்சுகளை இடித்துக்கொண்டு ஓடினேன். "கிறிஸ்துவின் திருவுடல்" என்றார் அவளைத் தெரியாத அந்தச் சாமியார். "ஆமென்" என்றாள். எவ்வளவு தெளிவாகச் சொன்னாள் தெரியுமா!

திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். ஒண்ணும் ஆகலம்மா என்கிற சிரிப்பு. நான்கு அடி வைப்பதற்குள் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். உதடு தடித்தது. குரல் மாறியது. நடுவழியிலேயே வாந்தி எடுத்துக் குப்புற விழுந்தாள். ஊசியை எடுத்தேன். மூடி சட்டென்று வரவில்லை, பல்லால் கடித்துப் பிடுங்கித் தொடையில் குத்தினேன். நம் சாமியார் ஓடிவந்து அவளை வாரித் தூக்கிக்கொண்டார். கார் வைத்திருந்த ஒருவர் முன்னால் ஓடினார்.

அந்தக் களேபரத்தில் நான் ஒன்றைப் பார்த்தேன். பாட்டுக் குழுவில் ஆர்மோனியம் வாசிக்கிற பெண், பிள்ளை வாந்தி எடுத்த இடத்தைச் சுற்றி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். "மிதிக்காதீங்க! ஆண்டவர் இருக்காரு, மிதிக்காதீங்க!" என்று அலறினாள். என் பிள்ளை மூச்சுக்குத் தவிக்கிறாள், இவள் வாந்திக்குக் காவல் நிற்கிறாளே என்று எனக்கு வெறியே வந்தது. அன்று அவள் என் கையில் கிடைத்திருந்தால் என்ன செய்திருப்பேனோ.

இரண்டு மணி நேரம் கழித்து, குருவிக்கு மூச்சு சீரான பிறகு, சாமியார் வார்டுக்குத் திரும்பி வந்தார். அங்கியின் முன்பக்கம் முழங்கால் வரைக்கும் ஈரம். கோயிலுக்குப் போய், மண்டி போட்டு, எல்லாவற்றையும் தன் கையாலேயே துடைத்து எடுத்து, கழுவின தண்ணீரையும் யார் காலும் படாத மண்ணில் சேர்த்துவிட்டு வந்திருக்கிறார்.

"அதுல இருந்தது அவர்தானா சாமி?" என்று கேட்டேன்.

"அவர்தாம்மா."

"அப்புறம் ஏன்?"

"எனக்குத் தெரியலம்மா" என்றார். பிறகு, "மிதிபடுற அளவுக்குத் தாழ்ந்துதான் வர்றாரு. அது மட்டும் இன்னிக்குத் தெரிஞ்சுது" என்றார்.

இதையெல்லாம்கூடத் தாங்கிக்கொண்டேன். கண் திறந்ததும் குருவி என்ன கேட்டாள் தெரியுமா? குரல் இன்னும் சரியாக வரவில்லை. குசுகுசுவென்று கேட்டாள்.

"அம்மா, நான் சரியா நம்பலையா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்வது? நீங்கள் சொல்லுங்கள். நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

குருவி அம்மா

~

மார்ச் 18

குருவி அம்மாவுக்கு,

மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதுவும் சரியாக இருக்காது. அனுப்பிவிடுகிறேன்.

கீழே எழுதியிருப்பதை அவளுக்கு வாசித்துக் காட்டு.

"கண்ணு, நீ சரியாகத்தான் நம்பினாய். நம்பினதால்தான் தைரியமாகப் போனாய். தப்பாகச் சொன்னது அப்பா. ஆண்டவர் உன்னைச் சோதிக்க வரவில்லை, தண்டிக்கவும் வரவில்லை. நீ அவரைத் தேடிப் போனாய், அவரும் உன்னிடம் வந்தார். உன் உடம்புக்குக் கோதுமை ஆகாது. அது உன் நம்பிக்கையின் குறை இல்லை. இனி யார் சொன்னாலும், அப்பாவே சொன்னாலும், அம்மாவைக் கேட்காமல் எதையும் வாயில் வைக்காதே."

இனி எழுதுவது உனக்கு மட்டும்.

நான் ஏன் அப்படிச் சொன்னேன் என்று இத்தனை நாளும் யோசித்தேன். ஆண்டவர் மேல் இருந்த நம்பிக்கை மட்டும் காரணம் இல்லை. பீடத்திலாவது கோதுமை கோதுமையாக இல்லாமல் போகட்டும், அவளுக்கு அது ஒன்றும் செய்யாமல் இருக்கட்டும், அப்படியானால் என்றைக்காவது ஒருநாள் நானும் வீட்டுக்கு வரலாம் என்று உள்ளுக்குள் ஒரு ஆசை. அந்த ஆசைக்கு விசுவாசம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். என் பிள்ளையின் உயிரை வைத்து ஆண்டவரிடம் அற்புதம் கேட்டிருக்கிறேன்.

இப்போது மாவில் கை வைத்தாலே உடம்பு கூசுகிறது. கோயில் வாசல் வரைக்கும் போகிறேன். உள்ளே போகப் பயமாக இருக்கிறது. அவர் இல்லை என்று நினைத்திருந்தால் இந்தப் பயம் வராது. அவர் இருக்கிறார் என்பதால்தான் பயம்.

சாமியார் சொன்ன கிண்ணத்தைப் பற்றி நான் வாயே திறக்கமாட்டேன். நீ சரி என்றால் சரி. வேண்டாம் என்றால் வேண்டாம். சரி என்று முடிவெடுத்தால் தேதி மட்டும் எழுது. வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போய்விடுகிறேன்.

குருவி அப்பா

~

ஏப்ரல் 2

குருவி அப்பாவுக்கு,

வாசித்துக் காட்டினேன். இரண்டாம் முறையும் வாசிக்கச் சொன்னாள். "அப்பா தப்பு செஞ்சாருன்னு அப்பாவே சொல்றாரா?" என்று அவளுக்கு ஆச்சரியம். அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டாள்.

டாக்டரிடம் கேட்டேன். சாமியாரிடமும் மறுபடி போய், எதை எங்கே வைப்பார், எப்போது கை கழுவுவார், யார் முதலில் என்று எல்லாவற்றையும் கேட்டேன். எந்த மாமியாரும் இவ்வளவு குடைந்து கேட்டிருக்கமாட்டார். பயம் தீரவில்லை. ஆனால் வேண்டாம் என்று நான் சொன்னதால் என்ன நடந்தது என்றும் பார்த்துவிட்டேனே.

ஏப்ரல் 19, காலைப் பூசை.

குருவி அம்மா

~

ஏப்ரல் 20

அன்புள்ள குருவி அப்பாவுக்கு,

பூசை முடிந்த கையோடு வண்டி ஏறிவிட்டீர்கள். பேச நேரமே இல்லை. இருந்திருந்தாலும் அங்கே என்னால் பேசியிருக்க முடியாது.

கடைசி பெஞ்சிலிருந்து உங்களுக்கு என்ன தெரிந்ததோ, எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சாமியார் பீடத்தின் ஓரத்தில் அந்தச் சின்னக் கிண்ணத்தைத் தனியாக மூடி வைத்திருந்தார். அப்பத்தைப் பிட்டபோது என் கண் அவர் விரல்களைவிட்டு நகரவில்லை. மறுபடி கை கழுவினார். மற்ற பிள்ளைகளுக்கு முன்னால் குருவியைக் கூப்பிட்டார். ஊசியின் மூடியைத் திறந்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நானும் கூடவே போனேன். ஆர்மோனியப் பெண் வாசிப்பதை நிறுத்திவிட்டாள்.

"கிறிஸ்துவின் திருஇரத்தம்."

இந்த முறை ஆமென் அவ்வளவு தெளிவாக வரவில்லை. ஒரு வாய் விழுங்கினாள். அவள் உதட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். சாமியார் கிண்ணத்தை என் பக்கம் நீட்டினார். அவள் குடித்ததில் நானும் குடித்தேன். என் பற்கள் கிண்ண விளிம்பில் தடதடவென்று அடித்தன. ஒன்றும் ஆகவில்லை. பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தோம், அப்போதும் ஒன்றும் ஆகவில்லை.

"பயமா இருந்துச்சாடி?" என்று காதோடு கேட்டேன்.

"இருந்துச்சு. ஆண்டவருக்கும் இருந்திருக்கும்மா. போன தடவை வாந்தி எடுத்துட்டேன்ல."

அவள் தலையை என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.

அப்போதுதான் திரும்பிப் பார்த்தேன். எல்லாரும் எழுந்து நன்மைக்கு வந்துகொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் எழவில்லை. கல்யாணமான நாளிலிருந்து நன்மை வாங்காமல் நீங்கள் ஒரு பூசையிலும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. ஆண்டவரோடு கோபமோ, இனி இவருக்கு அவரும் வேண்டாம், நாங்களும் வேண்டாமோ என்று என்னென்னவோ நினைத்தேன்.

பூசை முடிந்து வாசலில் அவள் ஓடிவந்து உங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். எத்தனையோ நாளாக நீங்கள் அவள் உச்சந்தலையைத் தொடுவதோடு சரி. நேற்று குனிந்து இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தீர்கள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நன்மை அப்பம் வாங்கின வாயோடு அவளை முத்தமிட முடியாது. அதற்காகத்தான் எழாமல் உட்கார்ந்திருந்தீர்கள். ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டுதான் உட்கார்ந்திருப்பீர்கள். அவரும் சரி என்றுதான் சொல்லியிருப்பார்.

எங்கள் தையல் கடையில் இஸ்திரி போட ஆள் தேடுகிறார்கள். அடுப்புச் சூடு தாங்கினவருக்கு இஸ்திரிச் சூடு ஒரு சூடா? எனக்கு வேறு என்ன தெரியும் என்று பழைய பல்லவியைப் பாட வேண்டாம். கற்றுக்கொள்ளுங்கள். மாவு படிந்த துணி எல்லாவற்றையும் அங்கேயே யாருக்காவது கொடுத்துவிட்டு வாருங்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நேற்று நல்லபடியாக முடிந்ததால் என் பயம் போய்விட்டது என்று நினைக்காதீர்கள். வருகிற ஞாயிறும் ஊசியைக் கையில் வைத்துக்கொண்டுதான் போவேன். அதற்கு அடுத்த ஞாயிறும் அப்படித்தான். நீங்கள் அங்கே தனியாகப் பயப்படுகிறீர்கள், நான் இங்கே தனியாகப் பயப்படுகிறேன். போதும். வந்துவிடுங்கள், சேர்ந்து பயப்படலாம்.

உங்கள்,
குருவி அம்மா